ஒருக்கா வடிவாப் பாருங்கோ

மிஸ்,

இவருடைய ஓய்வூதியக் கோப்பில் ஒரு கடிதத்தைத் தேடப் போய், நேற்று வேறொரு தாள் கையில் வந்தது. நான்காக மடித்து, மடிப்பெல்லாம் பழுப்பேறிப்போன தாள். விரித்தால் மேலிருந்து கீழ்வரை ஆங்கில எழுத்துகள், ஆனால் ஆங்கிலம் இல்லை. எம், எஃப், அரைப்புள்ளி, எஃப், எச் என்று தொடங்கி ஒரு பக்கம் முழுக்க அப்படியே. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன மாமி, யாருடையவாவது பாஸ்வேர்டா என்று கேட்டாள். நான் அதைத் தமிழாகவே வாசித்தேன். கணினியில் பாமினி எழுத்துருவில் வருஷக்கணக்காகத் தமிழ் தட்டிப் பழகியவளுக்கு அது மறக்குமா? முதல் சொல் 'அக்கா'.

அடுப்பில் பருப்பு இருந்ததை மறந்துவிட்டேன். மருமகள்தான் ஓடிப்போய் இறக்கினாள். நான் அந்தத் தாளோடு கதிரையில் அப்படியே இருந்தேன். நீங்கள் போய்ப் பதினைந்து வருஷமாகிறது. இத்தனை நாளும் உங்களுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. நேற்றுத் தோன்றியது, எழுதுகிறேன்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், புடவைக் கடையின் மேல்மாடியில் நாம் இருவரும் கணினி படிப்பித்த அந்த இரண்டு அறைகள் இப்போது பல் வைத்தியர் ஒருவரிடம் இருக்கின்றன. நான் யாழ்ப்பாணத்துக்காரி. கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்த இவரைக் கட்டிக்கொண்டு தொண்ணூறுகளின் நடுவில் பதுளைக்கு வந்தவள். நீங்கள் அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தட்டச்சுப் படித்து, அதிலிருந்து கணினிக்கு வந்தவர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை நான் உங்களுக்கு மிஸ், நீங்கள் எனக்கு மிஸ். மாணவர்கள் கூப்பிட்டது நம் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

என் வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெட்டொன்று துண்டிரண்டு. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். சாம்பாரில் உப்புக் குறைந்தால் குறைந்தது என்று சமைத்தவருக்கு முன்னாலேயே சொல்வோம், பிறகு இரண்டாம் முறை வாங்கியும் சாப்பிடுவோம். அதே வழக்கத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், வளர்ந்த மனிதர்கள் பாடுபட்டுச் செய்துகொண்டு வரும் வெப் பக்கங்களை நான் பார்த்தேன். ஆசிரியர்கள், கிளாக்கர்மார், எல்ல என்கிற ஊரில் சின்ன விடுதி நடத்துகிறவர் என்று பதினைந்து பேர் இருப்பார்கள். ஒவ்வொருவருடையதையும் பெரிய திரையில் போட்டு, பிழையை எண்ணி எண்ணிச் சொல்வேன். சொன்னதில் பெரும்பாலும் பொய் இருக்காது. அதுதான் எனக்கு இருந்த தைரியம்.

அந்த விடுதிக்காரர் நீர்வீழ்ச்சிப் படத்தைப் பின்னால் பரப்பி, அதன்மேல் வெள்ளை எழுத்தில் எல்லாம் எழுதியிருந்தார். பால் பொங்கினதுக்கு மேலே எழுதின மாதிரி இருக்கு என்றேன் நான். அவர் சிரித்தார், ஆனால் ஒன்றையும் மாற்றவில்லை. அடுத்த கிழமையும் அதே நீர்வீழ்ச்சிதான். நீங்கள் அவரைப் பின்வரிசையில் உட்காரவைத்து, "உங்க டெலிபோன் நம்பர கொஞ்சம் அதுல பாத்து சொல்றீங்களா, எழுதிக்கிறேன்" என்றீர்கள். மனிதர் கண்ணைச் சுருக்கினார், கழுத்தை நீட்டினார், எழும்பிக் கிட்டப் போனார். தன்னுடைய நம்பரையே தன்னால் வாசிக்க முடியவில்லை. அன்றைக்கே நீர்வீழ்ச்சி ஒரு மூலைக்குப் போய்விட்டது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. சொல்லவேண்டியதை இவ்வளவு சுற்றிச் சொல்லவேண்டுமா என்று நினைத்தேன்.

பிறகுதான் கணக்கப்பிள்ளை ஐயா வந்தார். ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை உத்தியோகம், காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து மலைக்கு அனுப்புகிற வேலை. ஐம்பது வயதிருக்கும். ஞாயிறு விடியக் காலையில் பஸ் ஏறி, அப்புத்தளையில் ஒன்று, பண்டாரவளையில் ஒன்று என்று மாறி மாறி வருவார். தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டை, பைக்குள் ஒரு கொப்பி. மற்றவர்கள் விடுதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கம் செய்தபோது, அவர் என்ன செய்கிறார் என்று யாருக்கும் காட்டாமல் இரண்டு மாதம் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய முறை வந்த ஞாயிற்றுக்கிழமை திரையில் வந்ததைப் பார்த்து எனக்குக் கண் கூசியது. கறுப்புப் பின்னணி. சிவப்பு எழுத்து, அதுவும் மின்னி மின்னி அணைகிற எழுத்து. இடமிருந்து வலமாக ஒரு வரி ஓடுகிறது, வலமிருந்து இடமாக இன்னொரு வரி. கீழே பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றும் திரையைவிடப் பெரிது. எழுதியிருந்ததை நான் வாசிக்கவேயில்லை. "ஐயா, இது வெப் பக்கமோ, திருவிழாக் கடையோ?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. பிறகு நான் பிழைகளைச் சொல்லத் தொடங்கினேன். ஏழாவதோ எட்டாவதோ சொல்லும்போது அவர் கையை நீட்டி மொனிட்டரை அணைத்தார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான். கொப்பியைப் பைக்குள் வைத்தார். அடுத்த ஞாயிறு வரவில்லை.

நீங்கள் அன்றைக்கு வகுப்பில் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் போனபிறகு, கணினிகளுக்குத் துணி போட்டு மூடிக்கொண்டே, "மிஸ், அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருந்திச்சுன்னு வாசிச்சீங்களா?" என்றீர்கள். இல்லை என்றேன். "நான் வாசிச்சேன். அவரு அவங்க அக்காவ தேடுறாரு."

உங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் இருக்கும் கதைதான் அது, எனக்குத்தான் புதிது. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த எழுபதுகளில் அவருடைய அக்கா குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகும் பாஸ்போட் வந்துவிட்டது. அவருக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது. அப்புத்தளை ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டார்கள். தலைமன்னாரில் கப்பல். கோத்தகிரியிலிருந்து சில வருஷம் கடிதம் வந்தது. பிறகு நாட்டில் கலவரம், இவர்கள் தோட்டம் மாறினார்கள், அவர்களும் எங்கோ மாறியிருக்க வேண்டும். போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. உலகத்தில் எங்கேயிருந்து பார்த்தாலும் தெரிகிற பக்கம் ஒன்றைச் செய்யலாம் என்று யாரோ சொல்லித்தான் அந்த மனுஷன் மூன்று பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் அதைத் திருவிழாக் கடை என்றேன்.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் பிறந்த வீட்டுக்குப் போகிற சாக்கில் அவர் தோட்டத்துக்கும் போயிருக்கிறீர்கள். என்ன சொல்லிக் கூட்டிவந்தீர்களோ, ஞாயிறு அவர் வந்து நின்றார். நீங்கள் திரையில் எதையும் போடவில்லை. ஒரு கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, அவருடைய கணினியிலேயே பார்த்தீர்கள். நான் அடுத்த மேசையில் எதையோ திருத்துகிற மாதிரி இருந்துகொண்டு காது கொடுத்தேன்.

நீங்கள் ஒவ்வொன்றாக ஏன், ஏன் என்று மட்டும்தான் கேட்டீர்கள். எழுத்து ஏன் மின்னுகிறது? வேறு எதையாவது தேடி வருகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்க்கட்டும் என்று. ஏன் கறுப்பு? சிவப்பு எடுப்பாகத் தெரிவதற்கு. பன்னிரண்டு படம் எதற்கு? அதற்கு அவர் சொன்னார், அக்காவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, பிள்ளைகளுக்கு நம்ம பேர்கூடத் தெரிந்திருக்காது, ஆனால் தண்ணீர்ப் பீலியையும் மாரியம்மன் கோயிலையும் பெரட்டுக் களத்தையும் காட்டினால் அக்கா கண்டுபிடித்துவிடும் என்று. அவர் பக்கத்தில் ஒரு கிறுக்குத்தனமும் இருக்கவில்லை, மிஸ். நான் எண்ணிச் சொன்ன ஒவ்வொரு பிழைக்கும் அந்த மனிதரிடம் ஒரு நியாயம் இருந்தது.

பிறகு நீங்கள் கேட்ட கேள்வி எனக்கு அப்படியே ஞாபகம். "ஐயா, பெரட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினா நீங்க யாரு பேச்ச கேப்பீங்க?" அவர் சிரித்துவிட்டார். கேக்கவே மாட்டேனே என்றார். "அப்ப இதுல யாரு மொதல்ல பேசணும்?" அக்கா பெயர் என்றார். சரி, அது மட்டும் மின்னட்டும், மற்றதெல்லாம் சும்மா நிற்கட்டும் என்று முடிவானது. முடிவு எடுத்தது அவர்தான். படங்களுக்கு நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. டெலிபோன் லைனில் இணையத்தைப் போட்டு, படம் வரும்வரை இருவரும் சும்மா இருந்தீர்கள். பீலி மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கியது. தண்ணீர் விழும் இடம் வருவதற்குள் அவரே, இவ்வளவு நேரம் யாருங்க காத்திருப்பா, சின்னதாக்கிடலாம் என்றார். பன்னிரண்டும் இருந்தன, ஆனால் சின்னதாக.

எரிச்சல் போய், எனக்கு உங்கள்மேல் பொறாமை வந்தது அன்றைக்குத்தான். இனி நானும் நயமாகத்தான் பேசுவது என்று முடிவுகட்டினேன். அங்கேதான் வினை பிடித்தது.

அடுத்து வந்த கிழமைகளில் உங்கள் மகளுக்குச் செங்கமாரி வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகி, நீங்கள் லீவில் நின்றீர்கள். கணக்கப்பிள்ளை ஐயா எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு என்னிடம் வந்தார். முன்னைய நினைப்பு முகத்தில் இருந்தது. மேசைக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றார். "இனி ஆளுங்களுக்கு எழுதி இந்தப் பக்கத்து விலாசத்த அனுப்பலாங்களா மிஸ்?" என்று கேட்டார். பக்கம் நன்றாக வந்திருந்தது. ஒரே ஒரு கோளாறு. எல்லாவற்றையும் அவர் பாமினி எழுத்தில் தட்டியிருந்தார். நம்மிடம் இருந்த கணினிகளில் அது தமிழாகத் தெரியும். அந்த எழுத்து இல்லாத கணினியில், கோத்தகிரியில் யாரோ ஒருவர் திறந்தால், ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். சரிப்படுத்துவதென்றால் இரண்டு மாதம் ஒற்றை விரலால் தட்டியதை முதலிலிருந்து மறுபடி தட்டவேண்டும்.

எனக்கு வாய் வரவில்லை. அந்த மனிதர் மொனிட்டரை அணைத்த கை கண்ணுக்கு முன்னால் நின்றது. இன்னொரு தரம் அவரை நோகடிக்கக் கூடாது, உங்களை மாதிரி மெல்லத்தான் சொல்லவேண்டும் என்று நினைத்து, "நல்லா வந்திருக்கு ஐயா. வேற கொம்பியூட்டரிலயும் ஒருக்கா வடிவாப் பாருங்கோ" என்றேன். எங்கள் பேச்சில் வடிவாப் பார் என்றால் கவனமாக, ஒன்றும் விடாமல் பார் என்று அர்த்தம். அவர் முகம் மலர்ந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். எச்சரிக்கை சொன்னதற்கு யாராவது கும்பிடுவார்களா என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. முதல் தடவையாக ஒருவரை நோகாமல் திருத்திவிட்டேன் என்று அன்றைக்குச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

நீங்கள் லீவு முடிந்து வந்து ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். வகுப்பு முடிந்த பிற்பாடு வந்த கணக்கப்பிள்ளை ஐயா என்னிடம் வராமல் நேரே உங்களிடம் போய் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். கோத்தகிரியிலிருந்து, அவருக்குத் தெரிந்தவர் ஒருவருக்குத் தெரிந்த கடைக்காரர் எழுதியது. உள்ளே இந்தத் தாள். உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தோம், இப்படித்தான் இருக்கிறது, படிக்கிறவர்களிடமும் காட்டினோம், இது எந்தப் பாஷையிலும் இல்லை, எங்களை வைத்து விளையாடுகிறீர்களா என்று கேட்டிருந்தார். அதே விலாசத்தை ஐயா கோயில், சர்ச், பழைய பள்ளிக்கூடம், முன்பின் தெரியாத ஆட்கள் என்று எத்தனையோ பேருக்கு எழுதியிருந்தார். அத்தனை பேருக்கும் போனது இந்தக் குப்பைதான்.

மிஸ் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பார்த்தார்களே, வேறு கம்ப்யூட்டரில் பார்த்தால் வடிவாக இருக்கும் என்று சொன்னார்களே என்றிருக்கிறார் அவர்.

அவரை அனுப்பிவிட்டு, நீங்கள் என்னைக் கீழே தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போனீர்கள். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். வடிவா என்றால் எங்கள் ஊரில் இன்னது அர்த்தம், அவர் அதை அழகு என்று பிழையாக விளங்கிக்கொண்டார், பதுளையில் இத்தனை வருஷம் இருந்தும் இந்தச் சொல் இடறும் என்று நினைக்கவில்லை என்று நான் பேசப் பேச நீங்கள் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் களைத்து ஓய்ந்த பிறகுதான் வாயைத் திறந்தீர்கள்.

"அந்த வார்த்த கெடக்கட்டும் மிஸ். மொத தடவ உள்ளத சொன்னீங்க, அவரு மூஞ்சிய பாக்கல. ரெண்டாந் தடவ மூஞ்சிய பாத்தீங்க, உள்ளத சொல்லல."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. நீங்கள்தானே இப்படி மெல்லமாகப் பேசுகிறீர்கள், அதைப் பார்த்துத்தானே நானும் செய்தேன் என்று கேட்டேன். நான் எதையும் மறைத்ததில்லையே என்றீர்கள் நீங்கள். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். விடுதிக்காரருக்குத் தன் நம்பர் தெரியவில்லை என்பது தெரிந்தது. ஐயாவுக்குப் படம் வரப் பிந்துகிறது என்பது தெரிந்தது. நீங்கள் யாரையும் பிழை தெரியாமல் வீட்டுக்கு அனுப்பியதில்லை. நான் மென்று விழுங்கியதற்கு நயம் என்று பெயர் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று உங்களைக் கெஞ்சினேன். மாட்டேன் என்றீர்கள். அடுத்த ஞாயிறுவரை வீட்டில் அதையே புலம்பிக்கொண்டிருந்தேன். இவர்கூட, ஒரு கணக்கப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதற்கு இவ்வளவு பாடா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்பது பெரிய காரியமில்லை. தெரிந்தும் சொல்லவில்லை என்பதை ஒத்துக்கொள்வதுதான் பெரிய பாடாக இருந்தது.

ஞாயிறு அவர் வந்ததும், எழுத்து அங்கே தெரியாது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும் ஐயா என்றேன்.

"தெரிஞ்சுமா மிஸ் சொல்லல?"

உங்கட மனம் நோகுமெண்டு விட்டிட்டன் என்றேன். அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு சப்பையான காரணம் என்று எனக்கே கேட்டது.

"நோகட்டுமே மிஸ். எனக்கு அக்காதான வேணும்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, இப்போது என்ன செய்யவேண்டும் என்று கொப்பியை எடுத்தார்.

பெரும்பாலான கணினிகளில் தமிழாகவே தெரிகிற யூனிகோட் எழுத்து அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்திருந்த காலம். மூன்று ஞாயிறு, வகுப்பு முடிந்த பிறகு, அவர் சொல்லச் சொல்ல நான் முழுவதையும் திரும்பத் தட்டினேன். அக்கா பெயரும் ஊரும் உள்ள நாலு வரியை மட்டும், எந்தக் கணினியிலும் தெரியட்டும் என்று நீங்கள் படமாகவே ஆக்கினீர்கள். அப்போதுதான் அந்தப் பக்கத்தை நான் ஒழுங்காக வாசித்தேன். அக்கா, நீ போனப்ப கட்டியிருந்த பச்சைச் சேலைய நான்தான் ரயில் கதவுல சிக்காம எடுத்துவிட்டேன் என்று ஓரிடத்தில் இருந்தது. அதைத் தட்டும்போது என் விரல் நின்றுபோனது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு நாம் பழகிய கணினிகளில் இல்லாமல், டவுனில் முன்பின் தெரியாத ஒரு கடையில் போய்த் திறந்து பார்த்தோம். தமிழாகத் தெரிந்தது. அவர் பழைய ஆட்களுக்கெல்லாம் மறுபடி கடிதம் எழுதினார். கோத்தகிரிக் கடைக்காரருக்கு மட்டும், அவர் அனுப்பிய தாளை வாங்கி வைத்துக்கொண்டு, நான் எழுதினேன். பிழை பாடம் சொல்லிக்கொடுத்தவளுடையது என்று.

பதில் வர அந்த வருஷம் முடியவேண்டியிருந்தது. வந்தது மின்னஞ்சலாக, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி. அவருக்கு அது ஓடவில்லை, என்னை வாசிக்கச் சொன்னார். முதல் வரியே, "மாமா, அம்மா இருக்காங்க." நான் மேலே போகப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, அதையே திரும்ப வாசிக்கச் சொன்னார். அந்த மூன்று சொல்லையும் எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. நீங்கள் கதவடியில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

இதற்குப் பிறகு நான் திருந்தி நல்லபிள்ளை ஆகிவிட்டேன் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். ஒரு கிழமை பட்டென்று பேசுவேன், மறு கிழமை அதற்குப் பரிகாரமாக மழுப்புவேன். நீங்கள் இடையில் புகுந்து சரிப்படுத்துவீர்கள். இந்த வாயைக் கொஞ்சம் அராவிவிட வழியில்லையா என்று நான் உங்களிடம் அலுத்துக்கொள்ளாத நாள் இல்லை.

நீங்கள் வருத்தம் வந்து படுத்தது இரண்டாயிரத்து ஒன்பதில். கொழும்புக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து பதுளை ஆஸ்பத்திரியில் விட்டிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்காரர் போன் எடுத்து, உங்கள வரச் சொல்றா, இன்னிக்கே வரச் சொல்றா என்றார். பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு வந்தேன். வாட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லவேண்டியதை ஆயத்தம் செய்துகொண்டேன். முகம் தெளிஞ்சிருக்கு, கெதியில வீட்டை வந்திடுவீங்கள். அப்படி ஏதோ.

நீங்கள் வீட்டுக்காரரைத் தேநீர் வாங்க அனுப்பினீர்கள். அவர் போகும்வரை பார்த்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

"எல்லாரும் வந்து நல்லா இருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க மிஸ். இவரும் அதையேதான் சொல்றாரு. நீங்க சொல்லுங்க."

ஆயத்தம் செய்ததெல்லாம் வாய்வரை வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் உள்ளே போய், கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது. அந்தக் கண் என்னைச் சோதித்துக்கொண்டிருந்தது. கதிரையை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு இருந்தேன். "நல்லா இல்லை மிஸ். போன கிழமையைவிட நல்லா மெலிஞ்சு போனீங்கள். எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

நீங்கள் கண்ணை மூடினீர்கள். நான் செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, "நானும் அப்படித்தான் நெனச்சேன். யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க, அதான் உங்கள கூப்பிட்டேன்" என்றீர்கள். கொப்பி இருக்கிறதா என்று கேட்டீர்கள். எழுதச் சொன்னீர்கள். மகளின் பிறப்புச் சான்றிதழ் எந்தப் பெட்டியில், அவளுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பெரியவளாகும்போது யார் பக்கத்தில் இருக்கவேண்டும், வீட்டுக்காரரை இரண்டு வருஷம் கழித்து மறுபடி கட்டிக்கொள்ளச் சொல்லி யார் எடுத்துச் சொல்லவேண்டும். நல்லா இருக்கீங்க என்று சொன்னவர்கள் ஒருவரிடமும் இவற்றைச் சொல்ல முடியாமல் எத்தனை நாள் மனதில் வைத்துக்கொண்டு கிடந்தீர்களோ. மணி அடித்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். நான் எழும்பவில்லை. தாதி வந்து பார்த்தாள், எங்கள் முகத்தைக் கண்டு திரும்பிப் போனாள்.

கடைசியாக ஒன்றைச் சொன்னீர்கள். அதை நான் கொப்பியில் எழுதவில்லை.

"நான் போனப்புறம் அம்மா இல்லாத புள்ளன்னு எம் மகளுக்கு யாரும் உள்ளத சொல்ல மாட்டாங்க. நீங்க சொல்லுங்க மிஸ். பாத்து சொல்லுங்க."

ஒன்பது நாளில் போய்விட்டீர்கள். இந்த வாயினால் எத்தனை பேரை இழந்தேன் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம், அதே வாயை நம்பி ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போனீர்கள். அதை நான் இன்னும் சுமக்கிறேன், பாரமாக இல்லை.

உங்கள் மகள் இப்போது கொழும்பில் வேலையில் இருக்கிறாள். வேலை மாறுவதென்றாலும், ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றாலும், அப்பாவோடு கோபம் என்றாலும் எனக்குத்தான் முதலில் போன் வரும். நீங்க சொல்லுங்க மாமி, உள்ளதைச் சொல்லுங்க என்பாள். குரலை மட்டும் கேட்டு நான் ஒன்றும் சொல்வதில்லை. வீடியோவைப் போடு பிள்ளை, முகத்தைக் காட்டு, பிறகு சொல்கிறேன் என்பேன். அவள் எழும்பி விளக்கைப் போட்டுவிட்டு, முகம் தெரிய வந்து உட்காருவாள்.